உதவிக் குழுவில் எல்லோருக்கும்

1

“ஏதாவது வேணும்னா வாயைத் திறந்து கேளு. நானா யோசிச்சு வந்து செய்யற ஆள் நான் இல்ல.”

“எனக்கு என்னக்கா வேணும்? ஒண்ணும் வேண்டாம்.”

“இப்ப வேண்டாம். சரி. வேணும்கிறப்ப கேளு. நான் மறக்க மாட்டேன்.”

பதினோரு வருடங்களுக்கு முன்னால், கல்யாணம் முடிந்த ஒன்பதாவது நாள், ஊருக்குக் கிளம்பிய நாத்தனாரும் வீட்டுக்கு வந்த புதுப்பெண்ணும் பேசிக்கொண்டது இது. கணவனின் ஒரே அக்கா, வெடுக்கென்று பேசுகிறவர். புதுப்பெண் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டாள். இவரிடம் போய் நான் ஒன்றைக் கேட்பேனா என்று அன்றைக்கே மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒருவரைத் திட்டப் போய்க் கிடைத்தது.

தங்கை மகளின் பிறந்தநாளுக்குக் கவுன் தைக்கலாம் என்று இணையத்தில் ஒரு பேட்டர்ன் வாங்கினேன். ஃபைலாக வரும். நாமே பிரிண்ட் எடுத்து, தாள்களை வரிசையாக ஒட்டி, துணிமேல் வைத்து வெட்ட வேண்டும். நான் காகிதத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று இரண்டு பக்கங்களைச் சுருக்கி ஒரே தாளில் பிரிண்ட் எடுத்தேன். கவுன் அழகாக வந்தது. பொம்மைக்குப் போடலாம். கடைக்குக் காரசாரமாக ஒரு மெயில் எழுதினேன். அதற்கு வந்த பதில்தான் என்னை இங்கே உட்காரவைத்திருக்கிறது.

அந்தப் பதிலைப் பிறகு சொல்கிறேன். இல்லாவிட்டால் என்னைப் பற்றிய கதையாகிவிடும்.

2

நான் குடும்ப நாவல் எழுதுகிறவள். அதனால் என் முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

நாத்தனாரின் பெட்டி வாசலில் இறங்கியதைப் பார்த்ததும் அவள் வயிற்றில் புளியைக் கரைத்தது. உள்ளே நுழைந்த நாத்தனார் நேராக அலமாரியிடம் போய் –

[நிறுத்தினேன். என் பதினான்கு நாவல்களில் ஒன்பதில் நாத்தனார் அலமாரியைத் திறந்திருக்கிறார். இந்த நாத்தனார் வந்ததும் திறந்தது சமையலறைக் குழாயை. அது சொட்டிக்கொண்டிருந்தது.]

இரண்டாவது தொடக்கம்:

ஒரு பெண்ணிடம் ஒரு நாளில் எத்தனை பேர் உதவி கேட்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு –

[இது கட்டுரை. கீழே போட்டேன்.]

மூன்றாவதாகத்தான் அந்தப் பழைய உரையாடலிலிருந்து ஆரம்பித்தேன். அந்தப் புதுப்பெண்தான் எனக்குப் பேட்டர்ன் விற்ற கடைக்காரி. கதைக்கு அனுமதி கேட்டபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: “எங்க அக்காவை வில்லி ஆக்கிடாதீங்க.” நாத்தனாரை ‘எங்க அக்கா’ என்று எழுதுகிற இடத்துக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை வந்துவிட்டது.

3

கடைக்காரியின் கடை என்பது சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரம். லேப்டாப், நீளமான இரும்பு ஸ்கேல், பழைய தையல் மெஷின், மகள் விட்டுப்போன பாதிப் பென்சில். குழந்தைகள் உடைக்கு அவள் பேட்டர்ன் வரைந்து விற்கிறாள். ஒரு தடவை வரைந்தால் போதும், நாம் தூங்கும்போதுகூட அதுபாட்டுக்கு விற்கும் என்று யாரோ சொல்லத்தான் ஆரம்பித்தாள். விற்கத்தான் செய்தது. ஆனால் வாங்கியவர்கள் தூங்கவில்லை.

ஃபைல் வரவில்லை என்று மெயில். வந்த ஃபைல் திறக்கவில்லை என்று மெயில். துணியும் சேர்த்து அனுப்புவீர்கள் என்று நினைத்தேன் என்று ஒருவர். என் பையன் கொஞ்சம் குண்டு, எந்த அளவு என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று இன்னொருவர். எப்படிப் பார்ப்பது? பாதிக்குமேல் வருவது ஒரே புகார்தான்: “சட்டை சின்னதாகிவிட்டது.”

அதற்குக் காரணம் ஒரு பெட்டி. ஒவ்வொரு பேட்டர்னின் முதல் பக்கத்திலும் ஒரு சதுரம் போட்டிருப்பாள். நான்கு பக்கமும் ஐந்தைந்து சென்டிமீட்டர். பிரிண்ட் எடுத்ததும் ஸ்கேலை வைத்து அதை அளக்க வேண்டும். ஐந்து இருந்தால் மற்ற பக்கங்களை எடுக்கலாம். பிரிண்டர் தன் இஷ்டத்துக்குச் சுருக்கியிருந்தால் நான்கே முக்கால் இருக்கும், சட்டை இறுக்கிப் பிடிக்கும். இதைச் சிவப்பில் எழுதிப் பார்த்தாள், பெரிதாக எழுதிப் பார்த்தாள், அம்புக்குறி போட்டுப் பார்த்தாள். யாரும் அளப்பதில்லை.*

* நானும் அளக்கவில்லை. அந்தப் பெட்டியை ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன்.

வேறு வழியில்லாமல் அவள் ஏழு பதில்களை எழுதிவைத்துக்கொண்டாள். மூன்றாம் எண் பதில் பெட்டிக்கானது: ‘தயவுசெய்து முதல் பக்கத்தில் உள்ள சதுரத்தை அளந்து பாருங்கள்…’ ஒரு விசையைத் தட்டினால் போய்விடும். எல்லாப் பதிலுக்கும் கீழே ஒரே கையெழுத்து: ‘அன்புடன், உதவிக் குழு.’

குழு ஒன்றும் கிடையாது. ஒற்றை ஆள் மேசை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தால் யார் நம்பி வாங்குவார்கள் என்று முதல் வருடம் பயந்து போட்டது அப்படியே நின்றுவிட்டது. ‘உங்கள் குழுவில் இருக்கும் அந்தப் பொறுமையான பெண்ணுக்கு நன்றி’ என்று எழுதுவார்கள். ‘அந்தச் சிடுமூஞ்சியை முதலில் மாற்றுங்கள்’ என்றும் எழுதுவார்கள். இரண்டும் அவள்தான். ஒன்று காலையில், ஒன்று மத்தியானம்.

கணவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதில் கெட்டிக்காரன். “என்ன முதலாளி, இன்னிக்கு எத்தனை பேரு மாட்டிக்கிட்டாங்க?” என்று தினமும் கேட்பான். அவளும் சிரித்துக்கொண்டே ஒரு எண்ணைச் சொல்வாள். மாட்டிக்கொண்டவர்கள் வரிசையில் தானும் இருப்பதாக அவள் சொன்னதில்லை.

4

நாத்தனார் வந்தது உதவிக்கு அல்ல. தண்ணீர் வாரிய அலுவலகத்தில் புகார் கவுன்ட்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்துவிட்டு, போதும் என்று ஐம்பத்திரண்டு வயதிலேயே எழுதிக்கொடுத்து வெளியே வந்தவர். கல்யாணம் வேண்டாம் என்று தனியாகவே இருந்துவிட்டார். அப்பேர்ப்பட்டவரின் சொந்த வீட்டில் சுவருக்குள் குழாய் உடைந்துபோயிற்று. புகார் கொடுத்தால் வரிசையில் நிற்கச் சொன்னார்களாம். “நான் போட்ட வரிசைதான், நானே நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, வேலை முடிகிற வரைக்கும் தம்பி வீட்டுக்கு வந்தார். பத்து நாள் என்றுதான் பேச்சு.

வந்த மூன்று நாளும் கடைக்காரி லேப்டாப்பை அவர் கண்ணில் படாமல் திருப்பியே வைத்திருந்தாள். நான்காம் நாள் அவசரத்தில் மறந்துவிட்டாள்.

இந்த இடத்தில் அந்த மெயிலை அப்படியே தருகிறேன். எழுதிய தகப்பனிடம் கேட்டுத்தான் தருகிறேன்.

‘வணக்கம். பெட்டியை அளந்துவிட்டேன், சரியாக ஐந்து சென்டிமீட்டர் இருக்கிறது. உங்களிடம் உள்ள மிகச் சின்ன அளவும் என் மகளுக்குப் பெரிதாக இருக்கிறது. ஏழாம் மாதத்தில் பிறந்தவள், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அன்று நான் தைத்ததைப் போட்டுக் கூட்டிவர முடியுமா?’

அன்று காலை அவளுக்கு மூன்று நாளாகச் சேர்ந்த முப்பத்தெட்டு மெயில்கள். கண்ணில் பட்டது ‘பெட்டி’, ‘ஐந்து’, ‘அளவு’. கை தானாகப் போய்த் தட்டிவிட்டது. மூன்றாம் எண். தயவுசெய்து முதல் பக்கத்தில் உள்ள சதுரத்தை அளந்து பாருங்கள். அன்புடன், உதவிக் குழு.

அரை மணி நேரத்தில் அவர் திரும்ப எழுதியிருந்தார்: ‘நன்றி. மறுபடியும் அளந்தேன். ஐந்துதான் இருக்கிறது.’

அதையும் அவள் படிக்கவில்லை. படித்தது மேசையில் காய் நறுக்க வந்த நாத்தனார்.

கூச்சலிட்டிருந்தால் பரவாயில்லை என்கிறாள் கடைக்காரி. நாத்தனார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்த இரண்டு மெயில்களையும் செய்தி வாசிக்கிற குரலில் உரக்கப் படித்தார். பிறகு சொன்னார்: “கவுன்ட்டருக்கு வர்றவங்க முதல் வரியில கோபத்தைச் சொல்லுவாங்க. ரெண்டாவது வரியில நியாயத்தைச் சொல்லுவாங்க. எதுக்கு வந்தாங்களோ அது மூணாவதாத்தான் வரும். நான் மூணாவதுக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பேன். நீ முதல் வரியிலேயே ஜன்னலைச் சாத்திட்டே.”

கடைக்காரி நாற்காலியில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். அந்த மனிதர் இரண்டாம் முறையும் குனிந்து ஸ்கேலை வைத்து அளப்பது அவள் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது. கோபப்பட்டிருக்கலாம். நன்றி என்று எழுதியிருக்கிறார்.

“இந்தக் கடையை மூடிடப் போறேன்க்கா. என்னால முடியல.”

கடை ஆரம்பித்த ஆறு வருடங்களில் அவள் யாரிடமும் சொல்லாதது அது. நாத்தனார் கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“மூடு. அந்தப் புள்ளைக்குச் சட்டையை வரைஞ்சு குடுத்துட்டு மூடு.”

5

பெரிய சட்டையை அப்படியே சுருக்கினால் சின்னச் சட்டை வராது. இதை நானும் இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அவ்வளவு சின்னக் குழந்தைக்குத் தலைவழியாகப் போடக் கூடாது, முன்பக்கம் முழுக்கத் திறக்க வேண்டும். பொத்தான் கூடாது, நாடா வேண்டும். தையல் உள்ளே இருந்தால் தோலில் உரசும், அதனால் மடிப்பை வெளிப்பக்கம் விட வேண்டும். மார்பளவு இருபத்தெட்டு சென்டிமீட்டர் என்று தகப்பனார் எழுதி அனுப்பினார். வீட்டில் அந்த அளவுக்கு எதுவும் இல்லை. நாத்தனார் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கைத்துண்டைச் சுற்றி, அளவுநாடாவால் அளந்து, இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, “இந்தா, இருபத்தெட்டு” என்று நீட்டினார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பார்த்தபோது அத்தை பாட்டிலை மடியில் கிடத்தியிருந்தார், அம்மா அதற்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். “அது பையனா பொண்ணா?” என்று கேட்டாளாம். “தண்ணி வாரியம்” என்றாராம் நாத்தனார்.

வியாழக்கிழமை காலையில் பேட்டர்ன் போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை ஒரு வரி வந்தது: ‘சரியாக இருந்தது. உங்கள் உதவிக் குழுவில் எல்லோருக்கும் நன்றி.’

கடைக்காரி அதை நாத்தனாரிடம் படித்துக் காட்டினாள். ‘எல்லோருக்கும்’ என்கிற இடத்தை இரண்டு தடவை படித்தாள். அந்தச் சொல் பொய்யாக இல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

6

[எனக்கு ஒரு சந்தேகம். இந்த நாத்தனார் ரொம்ப நல்லவராக வந்துகொண்டிருக்கிறார். வில்லி ஆக்கக் கூடாது என்றால் தெய்வம் ஆக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கடைக்காரிக்கு எழுதிக் கேட்டேன்: அவரிடம் குறையே கிடையாதா? ஒரு பக்கத்துக்குப் பதில் வந்தது. அவள் எழுதிய மெயில்களிலேயே மிகச் சந்தோஷமான மெயில் அதுதான்.]

குறட்டை விடுவார். பாத்திரங்களை இடம் மாற்றுவார். கடை மெயில்களுக்கெல்லாம் ஒரு நோட்டு வாங்கி வரிசை எண் போட ஆரம்பித்தார். ‘உங்கள் புகார் எண் 41’ என்று பதிலின் தலையில் எழுதினார். சரியாகத்தான் இருக்கிறது என்று பாராட்டி எழுதியவருக்கும் புகார் எண் போட்டார். வாரா வாரம் ஃபைல் திறக்கவில்லை என்று எழுதும் அம்மாளுக்குப் போன் போட்டு நாற்பது நிமிடம் பேசினார். அந்த அம்மாளிடம் பிரிண்டரே இல்லை, பேச ஆளும் இல்லை என்று கண்டுபிடித்தார். அதன்பிறகு வாரா வாரம் அவரே போன் செய்தார்.

இதெல்லாம் சில்லறைக் குறை. பெரியது ஒன்று உண்டு. ஒரே கேள்வியைப் பதினோரு தடவை கேட்ட ஒரு வாடிக்கையாளருக்கு, ‘பதினொன்றாவது முறை. பதிலைப் படிப்பதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?’ என்று எழுதி அனுப்பிவிட்டார். அந்த வாடிக்கையாளர் கடைப் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரத்தைக் குத்திவிட்டு, ‘மரியாதை தெரியாத குழு’ என்று எழுதினார்.

கடைக்காரிக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். ஆறு வருடமாகக் கட்டிக்காத்த பெயர் என்றாள். இது உங்க கவுன்ட்டர் இல்லக்கா என்றாள். நாத்தனார் நோட்டை மூடிவைத்துவிட்டு எழுந்துபோனார். ஒரு நாள் முழுக்க இருவரும் மகளை நடுவில் வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். உப்பு எங்கே என்று கேட்பதற்குக்கூட மகள் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை கடைக்காரி எழுந்து வருவதற்குள் நாத்தனார் அந்த வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதி, அனுப்பாமல் திறந்துவைத்திருந்தார். “படிச்சுப் பாரு. உன் பேர்ல போறது.” கடைக்காரி படித்தாள். ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. நட்சத்திரம் ஒன்றுதான், இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. போய்ப் பாருங்கள் என்று சொல்லமாட்டேன்.

அந்த வாரத்தில்தான் என் மெயில் போய்ச் சேர்ந்தது. உங்கள் பேட்டர்ன் தப்பு என்பது என் முதல் வரி. இருபது வருடமாகத் தைக்கிறேன் என்பது இரண்டாவது. மூன்றாவதாக, நாளை மறுநாள் பிறந்தநாள், குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன் போலிருக்கிறது. எனக்கே நினைவில்லை. பதில் வந்தது: ‘புகார் எண் 97. துணி எவ்வளவு மீதி இருக்கிறது? குழந்தையிடம் பொம்மை இருக்கிறதா? சின்னக் கவுன் பொம்மைக்கு இருக்கட்டும். மீதித் துணியில் பெரிதை வெட்ட இதோடு ஒரு படம் அனுப்புகிறோம். பெட்டியை அளந்துகொள்ளுங்கள்.’

பிறந்தநாளன்று தங்கை மகளும் பொம்மையும் ஒரே கவுனில் நின்றார்கள். நான் செய்த தப்பு என்று அவளுக்கு இதுவரை தெரியாது. பெரியம்மா யோசித்துச் செய்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் எழுதிய நாவல்களில் எத்தனையோ பேர் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். நானே சொல்ல நினைத்து எழுத உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

7

பத்து நாள் இருபத்து மூன்று நாள் ஆயிற்று. அங்கே குழாய் வேலை முடிந்து, சுவரும் பூசியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரயில்.

கடையை மூடுவது பற்றிக் கடைக்காரி அதற்குப் பிறகு பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை அவள் மனதைவிட்டுப் போகவில்லை. மறுபடியும் தனி ஆள், ஏழு பதில்கள், அந்த மூன்றாம் எண் விசை. இன்னொரு தகப்பன், இன்னொரு ஸ்கேல். நாத்தனார் இல்லாமல் இந்தக் கடை ஓடும். தான் யாராக மாறி அதை ஓட்டுவோம் என்பதுதான் அவளுக்குப் பயம்.

கணவனிடம், நீங்கள் அக்காவை இருக்கச் சொல்லுங்களேன் என்று மெல்ல ஆரம்பித்தாள். அவன் சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டே, தான் சொன்னால் அக்கா சிரிப்பாள் என்றான். கேட்கிறவர்களுக்குத்தான் அக்கா செய்வாள், அதுவும் வேண்டியவர்கள் தாங்களே கேட்டால்தான் என்றான். சின்ன வயதில் பேனா இரவல் வாங்கக்கூட அப்படித்தானாம்.

இங்கே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். முடிவுகள் இல்லாமல் இல்லை.

ஒன்று, என் பழைய வழக்கம். ரயில் நகர்கிறது, கடைக்காரி நடைமேடையில் ஓடுகிறாள், முந்தானை –

[வேண்டாம். அவளுக்கு மூட்டுவலி.]

இன்னொன்று, வாசகிகளுக்குப் பிடிப்பது. இவள் கேட்காமலே நாத்தனார் பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைக்கிறார். ‘உன் மனசு எனக்குத் தெரியாதா?’ என்கிறார். இதைப் பாதிவரை எழுதிவிட்டேன், கண்ணும் கலங்கியது. பிறகுதான் உறைத்தது. கேட்காதவர்களுக்கு அவர் எதுவும் எடுத்துவைப்பதில்லை. கேட்க வேண்டியதை இவளுக்குப் பதிலாக நான் கேட்டுவிட்டால் பதினோரு வருட முடிச்சு என்ன ஆவது?

நாத்தனார் கடைசியில் என்ன பதில் சொன்னார் என்பதை நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியும் என்றும் சொல்லமாட்டேன். போன வாரம் கடையிலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. தலையில் ‘புகார் எண் 2118’ என்று இருந்தது. எண் போட்டது எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ அதை எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையை மட்டும் நான் எழுதிவிடுகிறேன்.

8

கணவன் வண்டி கொண்டுவரப் போனவன் போன் செய்தான். வழியில் ஒரு கட்டடத்தில் யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள், இருபது நிமிடம் ஆகும் என்றான். மகள் அவனோடு போயிருந்தாள். வீட்டில் இரண்டு பேர் மட்டும். பெட்டி கதவருகில் நின்றது. நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசை ஓரத்தில் வரிசை எண் நோட்டு மூடிக் கிடந்தது.

கடைக்காரி கையில் ஈரத் துணியோடு வந்தாள். துடைக்க ஒன்றுமில்லாத மேசையைத் துடைத்தாள்.

“சார்ஜரை எடுத்து வெச்சீங்களாக்கா?”

“வெச்சுட்டேன்.”

நோட்டைத் தூக்கி, அடியில் துடைத்து, திரும்ப வைத்தாள்.

“அங்க போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்க. வீடு பூட்டியே கெடந்திருக்கும். தூசியா இருக்கும்.”

நாத்தனார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். அவசரப்படவில்லை. இருபத்தாறு வருடம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதே உட்காரல்.

“ம். ரெண்டு வரி ஆச்சு,” என்றார். “சொல்லு.”

தெருவில் ஒரு வண்டி வந்து, நிற்காமல் போயிற்று. கடைக்காரி துணியை மேசைமேல் வைத்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு வேணும்க்கா,” என்றாள். “நீங்க வேணும். போகாதீங்க.”